ஸ்பானிய மொழிக் கல்வியும் பண்பாட்டிடைத் தொடர்பாடலும்: அர்கேதாஸின் படைப்புக்களை முன்வைத்து ஒரு நோக்கு

பல்கலைக்கழகங்களிற் பிறமொழிக் கல்வி நெடுங்காலம் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் மையமாகக் கொண்டே நடைபெற்று வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. மொழியை அறிந்தால் மட்டும் போதாது, அம்மொழியைப் பேசும் மக்களின் பண்பாட்டையும் அறிந்து அவர்களோடு பழகும் ஆற்றலைப் பெறல் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. இதன் பயனாகப் 'பண்பாட்டிடைத் தொடர்பாடல்' என்னும் பயில்துறை மொழிக் கல்வியின் துணையாக வந்து சேர்ந்தது. ஸ்பானிய மொழியைப் பொறுத்தவரை இவ்விணைப்புக்குத் தனியானதொரு கவர்ச்சி உண்டு. மூன்று கண்டங்களில், 20 நாடுகளில் அரச கருமங்களுக்குரியதாக விளங்குவது அம்மொழி. அதனைக் கற்பவன் ஒரே முயற்சியில் ஒரு பேருலகத்தின் வாயிலைத் திறந்துவிடுகிறான் என்பது பரவலான நம்பிக்கை.

இந்நம்பிக்கையின் அடியில் இரண்டு எடுகோள்கள் உள்ளன. ஒரு மொழிக்கு ஒரு பண்பாடு உண்டு என்பது ஒன்று. அப்பண்பாட்டின் எல்லைக்கு வெளியே நிற்கும் கற்போனே எல்லையைக் கடக்கவேண்டியவன் என்பது மற்றொன்று. இவ்விரண்டு எடுகோள்களும் எவ்வளவு தூரம் ஏற்புடையன என்பதே இங்கு ஆராயப்படுகின்றது. ஆய்வுக்குத் தக்க களமாக அமைவன, பெரு நாட்டு நாவலாசிரியரும் மானிடவியலாளருமான ஹோசே மரியா அர்கேதாஸின் (1911-1969) படைப்புக்களாகும். ஸ்பானியத்தில் எழுதிய இவரது அகமொழியாகக் கெச்சுவா இருந்தது. பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடல் என்ற பிரச்சினை ஸ்பானிய மொழியின் எல்லைக்கோட்டில் மட்டுமன்றி அதன் உள்ளேயே கிடக்கின்றது என்பதை இவரளவு தெளிவாகக் காட்டிய எழுத்தாளர் மிகச் சிலரே.

பின்னணி

ஸ்பானிய மொழிக்கு அந்தோனியோ தெ நெப்ரிகா இலக்கணம் வகுத்து வெளியிட்ட ஆண்டு 1492. கொலம்பஸ் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த ஆண்டும் அதுவே. நெப்ரிகா தமது நூன்முகத்தில் மொழியின் வளர்ச்சியைப் பேரரசின் வளர்ச்சியோடு இணைத்துப் பேசினார் என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. கெச்சுவா மொழிக்கு முதன்முதலாக அச்சிடப்பட்ட இலக்கணம் தொமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் என்னும் துறவியினால் இயற்றப்பட்டு 1560ஆம் ஆண்டில் ஸ்பெயினின் வல்யதோலித் நகரில் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலப்பகுதியில், தென்னிந்தியக் கரையோரத்திலே போர்த்துக்கேயக் குருவான அந்திரிக்கே அந்திரிக்கசு தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார் என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. இருவரும் லத்தீன் இலக்கண அமைப்பையே அச்சாகக் கொண்டனர். இருவரது நோக்கமும் சமயப் பிரசங்கமே. லீமா நகரில் 1551ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தில் அந்நூற்றாண்டிலேயே கெச்சுவாவுக்கு ஓர் இருக்கை ஏற்படுத்தப்பட்டது. 1780-81இல் நிகழ்ந்த துப்பாக் அமாருவின் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர், அம்மொழி ஆட்சியாளரின் ஐயத்துக்குரியதாயிற்று. ஆளுவதற்கு உதவியவரை அதனைக் கற்றனர். எதிர்ப்பின் மொழியானதும் அதனை ஒடுக்க முற்பட்டனர்.

தற்காலப் பண்பாட்டிடைத் தொடர்பாடல் துறையின் தோற்றமும் ஆட்சித் தேவையோடு தொடர்பற்றதன்று. அத்துறையின் முன்னோடியாகக் கொள்ளப்படும் எட்வேட் ரீ. ஹோல், அமெரிக்க இராசாங்கத் திணைக்களத்தின் வெளிநாட்டுச் சேவை நிறுவகத்தில் அலுவலர்களைப் பயிற்றுவித்தவர். அவர் 1959இல் வெளியிட்ட 'மௌன மொழி' என்னும் நூல், நேரம், இடம், உடலசைவு ஆகியவற்றை மக்கட்கூட்டங்கள் வெவ்வேறு வகையிற் கையாள்வதை எடுத்துக்காட்டிற்று. பின்னர் ஹொஃப்ஸ்டெட் 1980இல் வெளியிட்ட ஆய்வு 40 நாடுகளின் பண்பாடுகளை எண்களால் அளவிட்டது. பெருவும் அவற்றுள் ஒன்று. ஆனால், அவ்வளவீட்டுக்கு அடிப்படையாக அமைந்தவை ஐ.பி.எம். என்னும் ஒரே கம்பனியின் ஊழியர்கள் அளித்த விடைகளாகும். லீமாவின் அலுவலகமொன்றில் மேசையின் முன் அமர்ந்திருந்தோர் அந்தீஸ் மலைச்சாரலின் கெச்சுவா உழவருக்கும் சேர்த்து 'பெரு நாட்டுப் பண்பாட்டின்' பிரதிநிதிகளாயினர். இவ்வாய்வுகளாற் பயனே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. தனது நடத்தையே இயல்பானது என்று கருதும் ஒருவனின் மயக்கத்தை அவை கலைக்கின்றன. எனினும், ஒரு நாட்டை ஒரு பண்பாடாக ஒடுக்கிக் காணும்போது அந்நாட்டினுள்ளே யார் பேசுகிறார், யார் கேட்கவைக்கப்படுகிறார் என்ற வினா மறைந்துவிடுகின்றது. அர்கேதாஸ் எழுப்பும் வினா இதுவே.

மொழி என்னும் போராட்டக் களம்

அர்கேதாஸ் பெருவின் தென்மலைப் பிரதேசமான அந்தவாய்லாஸில் வெள்ளையினக் குடும்பமொன்றிற் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் தாயை இழந்த அவரை, மாற்றாந்தாய் வீட்டின் இந்தியப் பணியாட்களோடு சமையலறையில் வாழவிட்டாள். தண்டனையாக அமைந்த அவ்வாழ்க்கையே அவருக்குக் கெச்சுவா மொழியையும், அம்மொழியில் ஊறிய பாடல்களையும், பணியாட்களின் பரிவையும் அளித்தது. பின்னர் சான் மார்க்கோஸிற் பயின்றார். 1937இல், முசோலினியின் பிரதிநிதியாக வந்த தளபதியொருவருக்கு எதிரான மாணவர் ஆர்ப்பாட்டத்தின் தொடர்பிற் சிறையிடப்பட்டார்.

அவருக்கு முன்னர் இந்தியரைப் பற்றி எழுதியோர் பலர் அவர்களைக் கொச்சை ஸ்பானியத்திற் பேசவைத்தனர். இந்தியர் தம்முட் பேசுவது கெச்சுவா; அம்மொழியில் அவர்களது பேச்சு நயமும் நுட்பமும் மிக்கது. கொச்சை ஸ்பானியத்தில் வார்க்கப்படும்போது அவர்கள் நகைப்புக்குரியவர்களாகிவிடுகின்றனர். மறுபுறம், செம்மையான ஸ்பானியத்தில் அவர்களைப் பேசவைத்தால் அவர்களது உலகமே மறைந்துவிடுகின்றது. கெச்சுவாவிலேயே எழுதினால் அதனை வாசிக்கும் வாய்ப்புப் பெற்றோர் அந்நாளில் மிகச் சிலர். இம்மூன்று வழிகளும் அடைபட்ட நிலையில், ஸ்பானியத்தின் வாக்கிய அமைப்பையே கெச்சுவாவின் போக்குக்கு வளைத்து ஒரு புதுநடையை உருவாக்க முற்பட்டார். 1935இல் வெளிவந்த 'நீர்' என்னும் சிறுகதைத் தொகுதியிலும், 1941இல் வெளிவந்த 'யவார் ஃபியெஸ்தா' என்னும் நாவலிலும் இம்முயற்சியைக் காணலாம். இது குறித்து அவர் 1950இல் ஒரு கட்டுரையும் எழுதினார். நடைச் சோதனை என்று மட்டும் இதனைக் கருதுவது பிழை. ஒரு மக்கட்கூட்டத்தின் மதிப்பு, அதன் பேச்சு எம்மொழியில் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதிலே தங்கியிருந்தது.

'யவார் ஃபியெஸ்தா' நாவலின் கதை எளியது. பூக்கியோ என்னும் மலையூரில் இந்தியர் தம் முறைப்படி காளைப்போர் நடத்துவது வழக்கம். அது காட்டுமிராண்டித்தனமானது என்று தலைநகர் தடைவிதிக்கின்றது. ஸ்பானிய முறையிற் பயின்ற வீரன் ஒருவன் லீமாவிலிருந்து வரவழைக்கப்படுகிறான். களத்தில் அவன் நிலைகுலைய, ஊர் இந்தியரே இறங்கிக் காளையை எதிர்கொள்கின்றனர். காளைப்போர் ஸ்பானியர் கொண்டுவந்த விளையாட்டு என்பதும், காளை என்னும் விலங்கே அவர்களுடன் வந்தது என்பதும் இங்கு நோக்கத்தக்கவை. வந்தேறிய ஒன்றை இந்தியர் தமதாக்கிக்கொண்டபோது, அதற்குரியோர் எனத் தம்மைக் கருதியோருக்கே அது அந்நியமாகத் தோன்றிற்று. பண்பாடுகளைத் தனித்தனிப் பெட்டகங்களாகக் கருதும் பாடநூல்களுக்கு இந்நிலைமை எளிதில் அகப்படுவதில்லை.

'ஆழ்ந்த நதிகள்'

1958இல் வெளிவந்த 'ஆழ்ந்த நதிகள்' அர்கேதாஸின் ஆகச்சிறந்த படைப்பு எனப் பல விமரிசகர் கருதுவர். எர்னெஸ்தோ என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் அபன்காய் நகரின் விடுதிப் பாடசாலையில் விடப்படுகிறான். இந்தியரிடையே வளர்ந்த அவன் தோற்றத்தாலும் வகுப்பாலும் ஆளும் கூட்டத்தைச் சேர்ந்தவன். இரு உலகங்களுக்கும் நடுவே நின்று அவன் காண்பனவே நாவலாக விரிகின்றன.

நாவலின் ஓர் அத்தியாயம் 'சும்பாய்யு' என்னும் பம்பரத்தின் பெயரைத் தாங்கியது. அது பம்பர விளையாட்டோடு தொடங்குவதில்லை. அச்சொல்லின் ஈற்றொலி பற்றிய ஆராய்ச்சியோடு தொடங்குகின்றது. அவ்வீறு, பறக்கும் சிறு பூச்சிகளின் சிறகோசையைக் குறிக்கும்; அதனை ஒத்த மற்றொரு சொல், ஒருவகை ஒளியையும் நிலவொளியால் ஊறுபட்டுப் பிறந்த உயிர்களையும் குறிக்கும் என ஆசிரியர் விளக்கிச் செல்கிறார். கதையோட்டத்தை இடைமறிப்பதாகத் தோன்றும் இப்பகுதி நாவலின் உயிர்நிலைகளுள் ஒன்றாகும். ஓசையும் ஒளியும் பிறப்பும் ஒரே சொற்குடும்பத்துள் இணையும் மனவுலகம் ஒன்று உண்டு என்பதை ஸ்பானிய வாசகன் உணர்ந்த பின்னரே பம்பரம் சுழல்கின்றது. 'பம்பரம்' என ஒரு சொல்லில் மொழிபெயர்த்திருந்தால் பொருள் வந்திருக்கும், உலகம் வந்திராது. ஸ்பானியத்தை முதன்மொழியாகக் கொண்டவனும் இவ்விடத்து மாணாக்கன் ஆகிறான்.

எனினும், நாவல் இத்துடன் நின்றிருந்தால் அது மொழியழகின் போற்றியாகவே முடிந்திருக்கும். அதன் வன்மை வேறோரிடத்தில் உள்ளது. நகரை அடுத்த பதிபம்பா பண்ணையில் வாழும் பண்ணைக் குடிகளின் குடியிருப்புக்கு எர்னெஸ்தோ செல்கிறான். அவனும் கெச்சுவா பேசுவான். அவர்களும் கெச்சுவா பேசுவர். ஆயினும், அவர்கள் அவனோடு பேச மறுத்து ஒதுங்குகின்றனர். தலைமுறைகளாக நிலவுடைமையாளனின் உடைமைபோல் வாழ்ந்து அச்சத்தில் உறைந்துபோன மக்கள் அவர்கள். மொழி பொதுவாக இருக்கின்றது, தொடர்பாடல் நிகழவில்லை. தடையாக நிற்பது சொல்லறியாமை அன்று, சமூக உறவே என்பதை இக்காட்சி புலப்படுத்துகின்றது.

இதன் மறுபக்கத்தைப் பாடசாலையின் தலைமைக் குரு காட்டுகிறார். அவரும் கெச்சுவாவைச் சிறப்பாக அறிந்தவர். உப்புக் கிடைக்காமையாற் கொதித்தெழுந்த சிச்சா மதுக்கடைப் பெண்கள், தோஞா ஃபெலிப்பாவின் தலைமையில் உப்புக் களஞ்சியத்தைத் திறந்து, பண்ணைக் குடிகளுக்கும் உப்பைப் பகிர்ந்தளிக்கின்றனர். அவ்வுப்புப் பின்னர் குடிகளிடமிருந்து பறிக்கப்படுகின்றது. அதன்பின் தலைமைக் குரு பதிபம்பாவுக்குச் சென்று கெச்சுவாவிற் பிரசங்கிக்கிறார். துன்பத்தைப் பொறுத்தலையும் களவின் பாவத்தையும் அவர் உருக்கமாக எடுத்துரைக்க, கூடியிருந்தோர் அனைவரும் கதறி அழுகின்றனர். இதே குரு நகரத்தோருக்கு ஸ்பானியத்தில் பிரசங்கிக்கும்போது நிலவுடைமையாளரை நாட்டின் அடித்தளம் எனப் புகழ்பவர். கேட்போரின் மொழியையும் உணர்வையும் சடங்கையும் நன்கறிந்து, அவற்றுக்கேற்பத் தமது பேச்சை அமைப்பவர் அவர். இன்றைய பாடத்திட்டங்கள் வேண்டிநிற்கும் பண்பாட்டிடைத் திறன்கள் யாவும் அவரிடம் நிறைந்துள்ளன. அத்திறன்களே குடிகளை மீண்டும் மண்டியிடச் செய்யும் கருவிகளுமாகின்றன.

பண்பாட்டிடைத் தொடர்பாடற் கல்வியை மதிப்பிடுவோர் இப்பாத்திரத்தைத் தவிர்த்துச் செல்லல் இயலாது. பிறர் பண்பாட்டை அறிதல் தன்னளவில் நல்லது என்பது அத்துறையின் சொல்லப்படாத விதி. அறிவு யாருடைய கையில், எந்நோக்குக்காக, எந்த உறவினுள் இயங்குகின்றது என்பதைப் பொறுத்தே அதன் விளைவு அமையும் என்கிறது நாவல். நாவலின் இறுதியில், கொள்ளைநோயால் மடியும் பண்ணைக் குடிகள் படையினரின் தடையையும் மீறி ஆற்றைக் கடந்து நகருள் புகுந்து, நோயை விரட்டும் பூசையை நடத்துமாறு அதே குருவைக் கட்டாயப்படுத்துகின்றனர். அவர்களது நோக்கம் சமய நம்பிக்கை சார்ந்தது. ஆயினும், அடங்கியே கிடந்தோர் ஒன்றுதிரண்டு தமது வேண்டுகோளைச் செவிமடுக்க வைத்தனர். பதிபம்பாவில் மௌனம் காத்த மக்களின் முதற்பேச்சு அவ்வாறு அமைந்தது.

ஆய்வாளனும் ஆய்வுப்பொருளும்

அர்கேதாஸின் மானிடவியற் பணியும் இப்பிரச்சினையோடு நெருங்கிய தொடர்புடையது. 1958ஆம் ஆண்டில் அவர் ஸ்பெயினின் சமோரா மாகாணத்திலுள்ள சயாகோ பகுதிக்குச் சென்று, அங்குள்ள கிராமங்களிற் கள ஆய்வு நடத்தினார். அவ்வாய்வு 'ஸ்பெயினினதும் பெருவினதும் சமுதாயங்கள்' என்ற நூலாக 1968இல் வெளிவந்தது. கிராமப் பொதுநிலத்தைப் பேணும் முறைகளில் கஸ்தீலியக் குடியானவனுக்கும் அந்தீஸ் குடியானவனுக்குமிடையே காணப்படும் ஒப்புமைகளை அவர் சுட்டினார். நூற்றாண்டுக்கணக்காக ஸ்பானியரே அந்தீஸ் மக்களைப் பார்த்து எழுதினர். இங்கு கெச்சுவா உலகில் வளர்ந்த ஒருவர் ஸ்பானிய உழவரைப் பார்த்து எழுதுகிறார். பார்ப்பவன் யார், பார்க்கப்படுபவன் யார் என்ற நிலையான ஒழுங்கு இவ்வாய்விலே தலைகீழாகின்றது.

தமது நாட்டு அறிஞரிடையே அவருக்குக் கிடைத்த வரவேற்பு வேறாக இருந்தது. 1965 ஜூன் 23ஆம் திகதி லீமாவில் அவரது 'எல்லா இரத்தங்களும்' என்ற நாவல் பற்றி ஒரு வட்டமேசைக் கலந்துரையாடல் நடைபெற்றது. நாவல் காட்டும் இந்தியச் சமூகம் சமகாலப் பெருவின் உண்மைநிலைக்குப் பொருந்தவில்லை எனச் சமூகவியலாளர் சிலர் வாதிட்டனர். தமது வாழ்வே பொருளற்றதாகிவிட்டது என்னும் அளவுக்கு அர்கேதாஸ் மனமுடைந்தார். மறு ஆண்டு அவர் கெச்சுவாவில் 'கலாநிதிகளுக்கு ஓர் அழைப்பு' என்னும் பொருள்பட ஒரு கவிதை வெளியிட்டார். இந்தியருக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் பின்தங்கியோர் என்று கூறும் படித்தவரை நோக்கி, மலைமக்கள் பயிரிட்டுக் காத்த பல்வகை உருளைக்கிழங்குகளையும் பூக்களையும் மலைகளின் அறிவையும் எடுத்துக்காட்டி, அவர்களை அருகே வருமாறு அழைப்பது அக்கவிதை. கலாநிதிகளுட் பலர் வாசிக்கவியலாத மொழியில் அவர்களை விளிப்பதே அதன் கூர்மை. பல்கலைக்கழகத்தின் அறியாமைக்கு அதனினும் நாகரிகமான சான்று காண்பது அரிது.

அர்கேதாஸ் குறித்த விமரிசனங்கள் இருவேறு திசைகளிற் செல்வன. 1940இல் கியூபாவின் ஃபெர்னாண்டோ ஓர்த்திஸ் முன்வைத்த 'பண்பாட்டு ஊடுமாற்றம்' என்ற கருத்தை இலக்கியத்துக்கு விரித்த உருகுவே விமரிசகர் ஆங்ஹெல் ராமா, 1982இல் வெளியிட்ட நூலில் அர்கேதாஸை அதன் உச்சமாகக் கண்டார். மாறாக, மாரியோ வார்காஸ் யோசா 1996இல் எழுதிய நூலில், அர்கேதாஸ் படைத்தது பழமையை நோக்கிய ஒரு கற்பனைப் பொன்னுலகம் என்றார். பெருவின் விமரிசகரான அந்தோனியோ கொர்னேஹோ போலார், கலப்பு என்ற இனிய சொல் முரண்பாட்டை மூடிவிடும் என எச்சரித்து, ஒன்றாக இணையாத உலகங்கள் ஒரே பிரதியுள் மோதும் 'பன்மைத்தன்மை' பற்றிப் பேசினார். இவற்றுள் கொர்னேஹோ போலாரின் நோக்கே நாவல்களுக்கு நெருக்கமானது. வார்காஸ் யோசாவின் கூற்றில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. பழைய கூட்டுவாழ்வைப் பற்றிய ஏக்கம் 'எல்லா இரத்தங்களும்' நாவலின் சில பகுதிகளைத் தளரச் செய்கின்றது. ஆனால், பதிபம்பாவின் மௌனத்தையும் குருவின் கெச்சுவாப் பிரசங்கத்தையும் எழுதியவரைப் பொன்னுலகக் கனவில் மூழ்கியவர் என்று முடித்துவிடல் நேர்மையாகாது.

இறுதி நாவலான 'மேல்நிலத்து நரியும் கீழ்நிலத்து நரியும்' முற்றுப்பெறாமலே 1971இல் வெளிவந்தது. அதன் நரிகள், அர்கேதாஸ் 1966இல் ஸ்பானியத்திற் பெயர்த்த வரோச்சிரி என்னும் பழைய கெச்சுவாக் கையெழுத்துப் பிரதியிலிருந்து வந்தவை. மீன்மாவுத் தொழிலால் வீங்கிப்போன சிம்போத்தே துறைமுகத்துக்கு மலையிலிருந்தும் கரையிலிருந்தும் வந்து குவிந்தோரின் சிதைந்த மொழிகள் அந்நாவலில் முட்டிமோதுகின்றன. முன்பு தாம் ஒதுக்கிய கொச்சை ஸ்பானியத்தையே அர்கேதாஸ் இங்கு கையாள்கிறார். கெச்சுவாவை இழந்தும் ஸ்பானியத்தை முழுதும் பெறாதும் நிற்கும் தொழிலாளியின் உண்மைமொழி இப்போது அதுவே. அமெரிக்க சமாதானப் படையில் வந்து, சரங்கோ வாசிக்கப் பழகி, அங்கேயே தங்கிவிடும் மக்ஸ்வெல் என்ற பாத்திரம் கற்போருக்கு ஒரு மாற்று உருவத்தைக் காட்டுகின்றது. குருவைப் போலன்றி இவன் தனது பழைய நிலையைக் கைவிட்டு வருகிறான். இவனது கற்றலுக்கு ஒரு விலை உண்டு. இந்நாவலை எழுதிக்கொண்டிருக்கையிலே தம்மைத் தாமே சுட்டுக்கொண்ட அர்கேதாஸ், 1969 டிசம்பர் 2ஆம் திகதி மரணமடைந்தார்.

மொழிக் கல்விக்கு ஒரு குறிப்பு

மேற்கூறியவற்றிலிருந்து ஸ்பானிய மொழிக் கல்விக்குச் சில முடிவுகள் பெறப்படும். முதலாவதாக, ஸ்பானியம் பேசப்படும் நாடுகளை அம்மொழிக்கு மட்டுமே உரியனவாகக் கற்பித்தல் வரலாற்றுப் பிழையாகும். பெருவில் 2017ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் 37 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கெச்சுவாவைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டனர். லீமாவில் ஸ்பானியம் பயிலச் செல்லும் அயல்நாட்டு மாணாக்கன் தெருவில் எதிர்ப்படும் வியாபாரியின் மொழியும் அதுவாக இருத்தல் கூடும். இரண்டாவதாக, இலக்கியக் கல்வியைக் குறைத்து, அதனிடத்தில் வாழ்த்துமுறை, நேர ஒழுங்கு, உரையாடற் பழக்கம் ஆகியவற்றின் அட்டவணைகளை வைப்பது இழப்பேயாகும். அட்டவணை சராசரி மனிதனைக் காட்டும். நாவலோ குறித்த ஒருவன் குறித்த ஒருவனோடு பேச முடியாமற்போன காரணத்தைக் காட்டும். மூன்றாவதாக, தொடர்பாடல் தவறும்போது அதனைத் திறமைக் குறைவாக மட்டும் விளக்குவது, அதிகாரத்தின் பங்கை மறைப்பதாகும்.

1975ஆம் ஆண்டில் பெருவின் இராணுவ அரசு கெச்சுவாவை ஸ்பானியத்துக்குச் சமமான அரசகரும மொழியாகப் பிரகடனம் செய்தது. ஆயினும், அர்கேதாஸ் பயின்றும் கற்பித்தும் வந்த சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தில் கெச்சுவாவில் எழுதப்பட்டு அம்மொழியிலேயே வாதிடப்பட்ட முதலாவது கலாநிதிப் பட்ட ஆய்வு 2019ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. கெச்சுவாக் கவிதை பற்றிய அவ்வாய்வு நிகழ, பல்கலைக்கழகம் நிறுவப்பெற்ற காலத்திலிருந்து 468 ஆண்டுகள் சென்றன. அம்மொழியைப் பிரசங்கத்துக்காகக் கற்பித்த நிறுவனம், அம்மொழியில் தனக்குக் கற்பிக்கப்படுவதை ஏற்பதற்கு எடுத்துக்கொண்ட காலம் அது. ஸ்பானியத்தைப் பண்பாட்டிடைத் தொடர்பாடலோடு இணைத்துப் பயிலும் எந்தப் பல்கலைக்கழகமும், இவ்விரு செயல்களுள் தான் செய்வது எது என்று தன்னைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். 1966இல் அர்கேதாஸ் விடுத்த அழைப்பு அவ்வினாவையே கலாநிதிகள் முன் வைத்தது.